கறுப்புக் கட்டையில அஞ்சு ராகம்

நடுவர் அவர்களே, எல்லாருக்கும் வணக்கம். ராகத்தைப் புரிஞ்சுக்க கைகொடுக்கிறது காதா கணக்கான்னு தலைப்பு, நான் கணக்குக் கட்சி. எனக்கு முன்னாடி பேசின அண்ணன், ஆரபிக்கும் தேவகாந்தாரிக்கும் ஆரோகணம் அவரோகணம், அதாவது சுரம் ஏறுற வரிசையும் இறங்குற வரிசையும், அச்சு அசல் ஒண்ணு, கேட்டா மட்டும் வேற வேற ராகம், அப்ப உங்க கணக்கு எங்க போச்சுன்னு கேட்டுட்டு கைதட்டலோட உக்காந்துட்டார். வரேன் அண்ணே, கொஞ்சம் பொறுங்க.

வீட்டுல கீபோர்டு இருந்தா கறுப்புக் கட்டைய மட்டும் வாசிச்சுப் பாருங்க. மூணு மூணாவும் ரெண்டு ரெண்டாவும் இருக்கும்ல, மூணுல முதல் கட்டைய ஸ-ன்னு வச்சு ஏறினா மோகனம். வெள்ளையையும் சேத்து ஒவ்வொரு சுரமும் எத்தன கட்டை தள்ளியிருக்குன்னு எண்ணினா 2, 2, 3, 2, 3, மொத்தம் 12. இப்ப ரெண்டாவது கட்டைய ஸ ஆக்குங்க, 2, 3, 2, 3, 2, மத்யமாவதி வந்துடும்! மூணாவதுல இந்தோளம், அடுத்த ரெண்டுல சுத்த சாவேரி, சுத்த தன்யாசி. கட்டை அதே அஞ்சுதான், ஒரே வட்டத்த அஞ்சு இடத்துலேந்து எண்ணுறோம், அவ்வளவுதான். பேர மட்டும் பாத்தா இதுங்க சொந்தக்காரங்கன்னு தெரியுமா? சிலப்பதிகாரம் ஆய்ச்சியர் குரவையில ஏழு பொண்ணுங்களுக்கு குரல், துத்தம், கைக்கிளைன்னு சுரத்தோட பேர் வச்சு வட்டமா நிக்க வச்சாங்களே, அத படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வட்டந்தான் கண்ணு முன்னாடி வரும்.

மேளகர்த்தாவும், அதாவது ஏழு சுரமும் இருக்கிற தாய் ராகங்களோட பட்டியலும், அப்படித்தான். ஸ-வுக்கும் ம-வுக்கும் நடுவுல நாலு இடம், அதுல ரி, க ரெண்டும் உக்காரணும், அதுக்கு 6 வழி. மேல த, நி-க்கும் 6, மத்யமம்கிற ம-வுல 2 வகை, பெருக்கினா 72. 17ஆம் நூற்றாண்டுல வேங்கடமகிங்கிற இசை அறிஞர் இந்தக் கணக்கப் போட்டப்ப யாரும் பாடாத தாய் ராகத்துக்கும் சேத்தே இடம் விட்டு வச்சார், பின்னாடி கோடீஸ்வர ஐயர் 72லயும் தமிழ்க் கீர்த்தனை போட்டார். கேக்காத ராகத்துக்கு காது எப்படி அண்ணே இடம் விடும்?

இப்ப ஆரபிக்கு வரேன். ரெண்டும் ஒரே சுரம்னு நீங்க எப்படி சொன்னீங்க? வரிசைய வச்சு ஒப்பிட்டுத்தானே! அப்படி ஒப்பிட்டதாலதான் வித்தியாசம் சுரத்துல இல்ல, சுரத்த அசைக்கிற கமகத்துலயும் வேகத்துலயும் இருக்குன்னு தெரிஞ்சுது, தேவகாந்தாரிய இழுத்து அசைச்சு நிதானமா பாடணும், ஆரபி விறுவிறுன்னு போகும். அந்த அசைவ ரசிக்கிறது காதுதான், மறுக்கல. எங்க தேடணும்னு காட்டினது கணக்கு. நன்றி, வணக்கம்.