தண்டனை ஒருத்தருக்கு, கடன் குடும்பத்துக்கு

நடுவர் அவர்களே, அமெரிக்க ஜெயில் தண்டிக்கிறது குத்தவாளியையா குடும்பத்தையாங்கிறது தலைப்பு, குடும்பத்தைத்தான்னு பேச வந்திருக்கேன். எனக்கு முன்னாடி பேசின எதிரணி நண்பர் "தப்பு பண்ணவன் உள்ள போறான், வீட்டுக்கு வர்ற நஷ்டத்துக்கும் அவன்தான் பொறுப்பு, இதுல இனம் எங்க வந்துச்சு"ன்னு கேட்டாரு.

சட்டத்துலயே வந்துச்சுங்க. 1986-ல போட்ட சட்டப்படி கொக்கெய்ன் போதைப்பொருளைக் கட்டியாக்குன கிராக்கை 5 கிராம் விக்கப் போய் மாட்டுனா குறைஞ்சது 5 வருஷம், பவுடர் கொக்கெய்னா இருந்தா அதே 5 வருஷத்துக்கு 500 கிராம் புடிபடணும், ரெண்டும் ஒரே சரக்குதான், ஆனா கிராக் கேஸ்ல உள்ள போனவங்கள்ல பெரும்பாலானவங்க கறுப்பின மக்கள். 2010-லதான் இதைக் குறைச்சாங்க, அப்பவும் சமமாக்கலை.

சரி, அப்பா உள்ள போயிட்டாரு, வீட்ல என்ன ஆகுது? மொதல்ல பெயில். முழு தொகை கையில இல்லாதவங்க ஃபீஸ் வாங்கிட்டு முழு தொகைக்கும் கோர்ட்ல பொறுப்பேத்துக்கிற பெயில் கம்பெனிகிட்ட போறாங்க, 10,000 டாலர் பெயிலுக்கு பொதுவா 1,000 டாலர் ஃபீஸ், கேஸே தள்ளுபடி ஆனாலும் அது திரும்ப வராது. உள்ள உழைச்சு அனுப்பலாமேன்னா ஜார்ஜியா, அலபாமா, டெக்ஸஸ்ல கைதிங்க பாக்குற பெரும்பாலான வேலைக்கு சம்பளமே கிடையாது, அடிமை முறையை ஒழிச்ச, அமெரிக்க அரசியல் சட்டத்தோட 13-வது திருத்தத்துலயே தண்டனைக் கைதிக்கு விதிவிலக்கு இருக்கு. அதனால சோப்பு வாங்கக்கூட அம்மாவும் மனைவியும்தான் காசு போடணும், ஃபோன்ல குரல் கேக்கவும் அவங்கதான் கட்டணும். மார்த்தா ரைட்னு வாஷிங்டன்ல ஒரு பாட்டி, ஜெயில்ல இருந்த பேரன்கூட பேசுற ஃபோன் பில்லைத் தாங்க முடியாம வருஷக்கணக்கா போராடுனாங்க, ஜெயில் ஃபோன் கட்டணத்தைக் கட்டுப்படுத்த அவங்க பேர்ல சட்டம் 2023-ல கையெழுத்தானப்ப அவங்க உயிரோட இல்லை. இதை நெனச்சா எனக்கு இன்னும் ஆறல.

வீட்டுக்கு அட்வான்ஸ் கட்டவும் புள்ள காலேஜுக்கும் சேர்த்து வச்சது இப்படித்தாங்க கரையுது. 2022-ல அமெரிக்க மத்திய வங்கி எடுத்த கணக்குல சொத்து வரிசைல நிறுத்துனா சரியா நடுவுல வர்ற வெள்ளையர் குடும்பத்தோட சொத்து சுமார் 2,85,000 டாலர், அதே மாதிரி நடுவுல வர்ற கறுப்பினக் குடும்பத்தோடது சுமார் 45,000. இந்த இடைவெளிக்கு ஜெயில் மட்டுமே காரணம்னு நான் சொல்லல, ஆனா ஏற்கனவே கம்மியா இருக்கிற வீட்ல இருந்துதான் அது அதிகமா புடுங்குது.

"வெளிய வந்து வேலை பாக்கட்டும்"னும் சொன்னாரு நண்பர். டெவா பேஜர்ங்கிற ஆய்வாளர் மில்வாக்கி நகரத்துல ஒரே தகுதியுள்ள பசங்களை வேலை கேட்டு அனுப்புனாங்க, 2003-ல முடிவு வந்துச்சு, ஜெயிலுக்குப் போனேன்னு சொன்ன வெள்ளைக்காரருக்கு 17 சதவீத இடத்துல திரும்பக் கூப்பிட்டாங்க, ஜெயில் வாசலே மிதிக்காத கறுப்பினத்தவருக்கு 14. ஜெயிலும் போய்ட்டு வந்த கறுப்பினத்தவருக்கு வெறும் 5. அடுத்து பேச வர்ற எதிரணி நண்பர் இந்த 17-க்கும் 14-க்கும் பதில் சொல்லிட்டு மத்ததைப் பேசட்டும் நடுவர் அவர்களே.