ஆண் மீனின் இரத்தத்தில் முட்டைப் புரதம்

நேயர்களுக்கு வணக்கம்.

சினை மீனை அறுத்துக் கழுவும்போது வயிற்றுக்குள் இரண்டு பட்டையாகச் சினை கிடக்கும். அந்த மஞ்சள் கருவின் பெரும்பகுதி உருவாவது சினைப்பையில் அல்ல, கல்லீரலில். அங்கே உருவாகும் மூலப்புரதத்தின் பெயர் வைட்டலோஜெனின்.

சினைப்பிடிக்கும் காலத்தில் முட்டையைச் சூழ்ந்த செல்கள் டெஸ்டோஸ்டிரோனை, ஈஸ்ட்ரோஜன் வகைப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ராடையாலாக மாற்றுகின்றன. அது இரத்தத்தோடு கல்லீரலுக்குப் போய், செல்லுக்குள் தன்னைப் பிடிக்கும் புரதமான ஏற்பியைப் பற்றிக்கொண்டு, வைட்டலோஜெனின் ஜீனை முடுக்கிவிடுகிறது. ஏற்பியின் எண்ணிக்கையும் கூடவே பெருகுவதால், மறுபடி ஹார்மோன் வந்தால் கல்லீரல் இன்னும் வேகமாக இயங்கும். கல்லீரலே பருத்துவிடும். கொழுப்பு, பாஸ்பேட், கால்சியம் எல்லாவற்றையும் சுமந்து இரத்தத்தில் இறங்கும் புரதத்தை முட்டை உள்ளிழுத்து, துண்டாக்கிச் சேமிக்கிறது.

இந்த ஜீன் ஆண் மீனுக்கும் உண்டு. ஈஸ்ட்ரோஜன் போதாததால் உறங்குகிறது, அவ்வளவே. இங்கிலாந்தில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்து வெளியேறும் நீரில் ட்ரவுட் மீன்களைக் கூண்டில் விட்டுப் பார்த்தார்கள். அவற்றின் இரத்தத்தில் இந்தப் புரதம் ஆயிரக்கணக்கான மடங்கு ஏறியிருந்தது. 1994இல் வெளியான முடிவு இது. கனடாவின் ஒண்டாரியோவில் ஓர் ஏரியில் 2001 முதல் 2003 வரை, கருத்தடை மாத்திரையில் உள்ள எதினைல் ஈஸ்ட்ராடையாலை லிட்டருக்கு 5, 6 நானோகிராம் (ஒரு நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு) அளவில் கலந்தார்கள். அங்கிருந்த ஃபேட்ஹெட் மின்னோ என்னும் சிறுமீன் இனம் கிட்டத்தட்ட அற்றே போனது. இந்த அளவுக்குக் கொஞ்சம் போதும் என்பதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது.

ஆற்றில் இத்தகைய மாசு உண்டா என்று ஆண் மீனின் இரத்தத்தில் இந்தப் புரதத்தை அளந்து சோதிக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மீனை மயக்கி, வால் பகுதி இரத்தக்குழாயில், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் தடவிய ஊசியால் இரத்தம் எடுங்கள். உடனே, புரதம் சிதைவதைத் தடுக்கும் அப்ரோட்டினின் சேர்த்துப் பனிக்கட்டியில் வையுங்கள். இல்லையேல் புரதம் சிதைந்து அளவு குறைத்துக் காட்டும். இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவைப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் சிறுசிறு குப்பிகளாக வையுங்கள். திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைக்கக் கூடாது.

ஒவ்வொரு மீனுக்கும் புது ஊசி வேண்டும். சினை மீனின் இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் இருந்தால், அதில் லட்சத்தில் ஒரு பங்கு கலந்தாலே ஆண் மீனின் மாதிரியில் 200 நானோகிராம் கூடிவிடும். மாசே இல்லாத ஆறு மாசுபட்டதாகத் தெரியும். இந்தப் புரதத்தைப் பிடித்து அளக்க உதவுவது எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி). ட்ரவுட்டுக்கான எதிர்ப்பொருள் கெண்டையின் புரதத்தைச் சரியாகப் பிடிக்காது; இனத்துக்கு ஏற்றதையே வாங்குங்கள். கழிவு கலக்கும் இடத்துக்கு மேலே, அதே வாரத்தில் பிடித்த ஆண் மீன்களும் கையில் இருக்க வேண்டும். அவை இல்லாமல் கிடைக்கும் எண்ணை எதனோடும் ஒப்பிட முடியாது.