லெவிட்டவுனின் ஒரு வீடும் நம் புறநகர்த் தெருக்களும்

நேயர்களுக்கு வணக்கம். பேச அழைத்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. கால்மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். பேச வேண்டியது ஏராளம், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பலர் இந்நேரம் வேலை முடிந்து காரில் வீடு திரும்பிக்கொண்டிருப்பீர்கள். முன்னால் புல்வெளி, பக்கத்தில் கராஜ், ஒரே அச்சில் வார்த்த மாதிரி வரிசையாக வீடுகள். அமெரிக்கப் புறநகர்த் தெரு என்றால் அவ்வளவுதான், உங்களுக்கு நான் வர்ணிக்க வேண்டியதில்லை. அந்தத் தெருவில் யார் குடியிருக்கலாம், யார் குடியிருக்கக் கூடாது என்று ஒரு காலத்தில் எப்படி முடிவு செய்தார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

வீடு தேடும்போது நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஏரியா எப்படி?" அடுத்த கேள்வி, "ஸ்கூல் ரேட்டிங் எவ்வளவு?" பிள்ளைகளின் படிப்பை நினைத்துக் கடல் கடந்து வந்தவர்கள் அதைக் கேட்காமல் இருக்க முடியாது. ஆனால் அந்த நல்ல ஏரியா எப்படி நல்ல ஏரியா ஆயிற்று, யாரை வெளியே நிறுத்திவிட்டு ஆயிற்று என்று கேட்பவர்கள் குறைவு. பல ஆண்டுகளாக என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் கேள்வி அது.

எனக்குப் பழைய வீட்டுப் பத்திரங்களைப் படிக்கும் பழக்கம் உண்டு. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மேப்பிங் பிரெஜுடிஸ் என்றொரு திட்டம் 2016-இல் தொடங்கியது. கவுண்டி அலுவலகங்களில் கிடக்கும் பழைய பத்திரங்களை ஸ்கேன் செய்து கொடுப்பார்கள். தன்னார்வலர்கள் உட்கார்ந்து படித்து, எந்தப் பத்திரத்தில் இன நிபந்தனை இருக்கிறது என்று குறித்துக் கொடுக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் செய்யலாம், நானும் செய்கிறேன்.

அந்தப் பத்திரங்கள் எப்படி இருக்கும் தெரியுமா? தட்டச்சில் அடித்த நிபந்தனைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். சாலையிலிருந்து இத்தனை அடி தள்ளிக் கட்ட வேண்டும். கோழி, பன்றி வளர்க்கக் கூடாது. வேலி இவ்வளவு உயரத்துக்கு மேல் போகக் கூடாது. அதே வரிசையில், அதே குரலில், வெள்ளையர் அல்லாத எவரும் இந்த மனையை வாங்கவோ குடியிருக்கவோ கூடாது என்று அடுத்த நிபந்தனை. பன்றிக்கும் வேலிக்கும் அடுத்தபடியாக மனிதர்கள். சில பத்திரங்களில் பட்டியலே உண்டு: கறுப்பர், யூதர், சீனர், ஜப்பானியர், ஆசியர் என்று. ஆசியர் என்றால் நீங்களும் நானும்தான் நேயர்களே.

அதற்குக் கீழே பெரும்பாலும் ஒரு விதிவிலக்கு வரும். வீட்டு உரிமையாளரிடம் வேலை செய்யும் பணியாள் என்றால் அங்கே தங்கிக்கொள்ளலாம். என் கண் எப்போதும் அந்த வரியில்தான் நின்றுவிடும். சமைக்கலாம், குழந்தைக்குப் பால் கொடுக்கலாம், அந்த வீட்டிலேயே படுத்து உறங்கலாம். சாவி மட்டும் உன் பெயரில் இருக்கக் கூடாது. ஊரென்றும் சேரியென்றும் பிரித்து வைத்த மண்ணிலிருந்து வந்த நமக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இதன் சட்டக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தெரு வெள்ளையருக்கு, அந்தத் தெரு கறுப்பருக்கு என்று நகராட்சிகள் சட்டம் போடக் கூடாது என்று 1917-இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நகராட்சி செய்யக் கூடாதென்றால் நாங்களே எழுதிக்கொள்கிறோம் என்று தனியார் பத்திரங்களில் இந்த நிபந்தனை பெருகியது. அப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றிக் கொடுக்கக் கூடாது என்று 1948-இல், செயின்ட் லூயிஸ் நகரத்து ஷெல்லி குடும்பத்தின் வழக்கில் தீர்ப்பு வந்தது. வீட்டு விற்பனையில் இன வேறுபாடு காட்டுவதையே சட்டவிரோதமாக்கிய நியாய வீட்டுவசதிச் சட்டம் 1968 ஏப்ரலில்தான் வந்தது, மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில்.

இடைப்பட்ட காலத்தில் அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 1934-இல் எஃப்.எச்.ஏ. என்கிற கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் வந்தது. வங்கி கொடுக்கும் வீட்டுக் கடனுக்கு அரசே காப்பீடு. சாதாரணக் குடும்பங்கள் வீடு வாங்க முடிந்ததே அதனால்தான். ஆனால் அதன் 1938-ஆம் ஆண்டுக் கையேடு, ஒரு குடியிருப்பு நிலைத்து நிற்க வேண்டுமானால் ஒரே சமூகத் தரத்தையும் ஒரே இனத்தையும் சேர்ந்தவர்களே அங்கு தொடர்ந்து குடியிருக்க வேண்டும் என்று எழுதி வைத்தது. டெட்ராய்டில் 1941-இல் ஒரு கட்டுமான முதலாளி, பக்கத்தில் கறுப்பர் குடியிருப்பு இருப்பதால் கடன் காப்பீடு கிடைக்காது என்று தெரிந்து, நடுவில் ஆறடி உயரத்துக்கு, அரை மைல் நீளத்துக்குச் சுவர் எழுப்பினார். காப்பீடு கிடைத்தது. அந்தச் சுவர் இன்றும் நிற்கிறது, போய்த் தொட்டுப் பார்க்கலாம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மறுபடியும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். புறநகரில் இன வெறுப்பு எப்போதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு வரவில்லை. சொத்து மதிப்பு என்ற பெயரில் வந்தது. எனக்கு யார் மேலும் வெறுப்பில்லை, வீட்டு விலை விழுந்துவிடுமே என்றுதான் கவலை, என்று சொல்லிக்கொண்டு வந்தது.

இப்போது லெவிட்டவுன் கதை. இதைச் சொல்லத்தான் நான் வந்தேன். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு வீடு வேண்டும். வில்லியம் லெவிட் என்பவர் நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் 1947-இல் தொழிற்சாலையில் கார் செய்வது போல வரிசையாக வீடு கட்டத் தொடங்கினார். லெவிட்டவுன் என்று பெயர். பிறகு பென்சில்வேனியாவில் இரண்டாவது லெவிட்டவுன், 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள். லெவிட் கறுப்பினத்தவருக்கு விற்பதில்லை. அவரே யூதர், ஒதுக்கப்படுவது என்றால் என்னவென்று அறிந்த சமூகத்தில் பிறந்தவர். என் மனத்தில் பாகுபாடு கிடையாது, ஆனால் ஒரு கறுப்பர் குடும்பத்துக்கு விற்றால் வெள்ளைக்கார வாடிக்கையாளர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வாங்க மாட்டார்கள், நான் என்ன செய்வேன் என்பதுதான் அவருடைய வாதம்.

1957 ஆகஸ்ட். பில் மயர்ஸ், டெய்சி மயர்ஸ் தம்பதி பென்சில்வேனியா லெவிட்டவுனில் டீப்கிரீன் லேன் என்ற தெருவில் ஒரு வீட்டை வாங்கிக் குடிவருகிறார்கள். கம்பெனியிடம் வாங்கவில்லை, ஏற்கெனவே அங்கு குடியிருந்தவரிடம் வாங்கினார்கள். பில் போரில் பணியாற்றியவர். டெய்சி ஆசிரியர். இரண்டு சிறு பையன்கள், கைக்குழந்தையாக ஒரு பெண். அதாவது லெவிட் விளம்பரத்தில் போடுகிற அதே குடும்பம், நிறம் மட்டும் வேறு.

தபால்காரர் வந்து கதவைத் தட்டினார். வீட்டுக்காரர் இருக்கிறாரா என்று டெய்சியிடமே கேட்டார். நான்தான் வீட்டுக்காரி என்றார் டெய்சி. அந்தத் தபால்காரர் தெரு நெடுகச் சேதியைச் சொல்லிக்கொண்டே போய்விட்டார். பொழுது சாய்ந்தபோது வீட்டின் முன்னால் நூற்றுக்கணக்கானோர் கூடிவிட்டார்கள். முன்பக்கக் கண்ணாடி ஜன்னலில் கல் விழுந்தது. உள்ளூர்ப் போலீசால் சமாளிக்க முடியாமல் ஆளுநர் ஜார்ஜ் லீடர் மாநிலப் போலீசை அனுப்ப வேண்டியதாயிற்று. ஒரு காவலர் கல்லடி பட்டுக் கீழே விழுந்தார். பின்பக்கத்தில் காலியாகக் கிடந்த ஒரு வீட்டைக் கலகக்காரர்கள் பிடித்துக்கொண்டு, அடிமைமுறையைக் காக்க உள்நாட்டுப் போர் நடத்திய தென்மாநிலக் கூட்டமைப்பின் கொடியை ஏற்றி, ராத்திரி முழுக்கச் சத்தமாகப் பாட்டு வைத்தார்கள், குழந்தைகள் தூங்கக் கூடாது என்பதற்காக.

கல்லெறிந்தவர்கள் யார் என்பதுதான் என்னை உலுக்குகிறது. தொழில்முறை ரவுடிகள் அல்ல. பகலில் ஆலைக்குப் போய், சனிக்கிழமை புல் வெட்டி, ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போகிறவர்கள். அந்த ஊர்க்காரர் ஒருவர் அப்போது பத்திரிகைக்குச் சொன்னது பதிவாகியிருக்கிறது: அவர் நல்ல மனிதராகத்தான் இருப்பார், ஆனால் அவரைப் பார்க்கும்போதெல்லாம் என் வீட்டு மதிப்பில் 2,000 டாலர் குறைவதுதான் தெரிகிறது. லெவிட் சொன்னதும் இதுதான், எஃப்.எச்.ஏ. கையேடு சொன்னதும் இதுதான். விலை, விலை, விலை.

அந்தக் குடும்பத்தை எல்லோரும் கைவிட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு யூதக் குடும்பம் துணை நின்றது, அவர்கள் வீட்டுச் சுவரிலும் கே.கே.கே. என்று, அதாவது கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலின் பெயரை, எழுதிவிட்டுப் போனார்கள். குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர் வந்தார்கள். முறை வைத்து அந்த வீட்டில் இரவும் பகலும் ஆள் இருந்தார்கள். கடைசியில் மாநில அரசே நீதிமன்றத்தில் தடையாணை வாங்கித் தொல்லையை நிறுத்தியது. மயர்ஸ் குடும்பம் அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் அந்த வீட்டில் வாழ்ந்துவிட்டுத்தான் போனது. 1999-இல் அந்த ஊர் மேயர் டெய்சி அம்மையாரை அழைத்து ஊரார் சார்பில் மன்னிப்புக் கேட்டார். நாற்பத்திரண்டு வருஷம் கழித்து.

இதெல்லாம் பழங்கதை என்று சொல்பவர்களுக்காக ஒரு தகவல். நியூஸ்டே என்பது லாங் ஐலண்டின் நாளிதழ். முதல் லெவிட்டவுன் இருக்கும் அதே லாங் ஐலண்ட். மறைகேமராவுடன், வருமானத்தில் ஒத்த இரண்டிரண்டு பேரை ஒரே ஏஜென்ட்டிடம் தனித்தனியாக வீடு கேட்டு அனுப்பி, 2019 நவம்பரில் முடிவை வெளியிட்டார்கள். கறுப்பினத்தவருக்கு நூற்றுக்கு 49 சோதனைகளில் வெள்ளையருக்கு நிகரான மரியாதை கிடைக்கவில்லை. ஹிஸ்பானியருக்கு 39. ஆசியருக்கு 19. யாரும் கல்லெறியவில்லை, யாரும் கதவைச் சாத்தவில்லை. ஒருவருக்கு ஒரு பட்டியல், இன்னொருவருக்கு வேறு பட்டியல், இரண்டுக்கும் அதே புன்னகை. பட்டியல் சுருங்கியது வாங்குபவருக்குத் தெரியவே தெரியாது.

நாம் இதில் எங்கே நிற்கிறோம்? நம்மில் பெரும்பாலோர் 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு வந்தவர்கள். நமக்கு வீடு விற்க மாட்டேன் என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்ல முடியாமல் போனது 1968 சட்டத்தால். அந்தச் சட்டத்துக்குக் கல்லடியும் உயிரும் கொடுத்தவர்கள் கறுப்பின மக்கள். அப்படியிருக்க, நம் வீட்டு விருந்துகளில், அந்த டவுன் இப்போது மாறிக்கொண்டு வருகிறதாம், வாங்காதீர்கள் என்று ஒருவர் மெதுவாகச் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டும் காட்சியை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மாறுகிறது என்றால் என்ன, யார் வந்தால் மாறுகிறது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். கேட்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருக்கும்போதே கேட்க வேண்டும்.

ஸ்கூல் ரேட்டிங் பற்றியும் ஒரு வார்த்தை. பள்ளிக்கான பணத்தில் ஒரு பெரிய பங்கு அந்தந்த ஊர்ச் சொத்து வரியிலிருந்து வருகிறது. விலை குறைந்த வீடுகள் உள்ள ஊரில் அந்த வரி எப்படி நிறையும்? அந்த வீடுகளின் விலையைக் குறைத்து வைத்ததில் பழைய பத்திரங்களுக்கும் கடன் கையேட்டுக்கும் பங்கு உண்டு. ரேட்டிங் எண்ணைப் பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஓக் பார்க் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். சிகாகோவை ஒட்டிய புறநகர் அது. 1950-இல் பெர்சி ஜூலியன் என்ற பெரும் வேதியியல் அறிஞர், கறுப்பினத்தவர், அங்கே வாங்கிய வீட்டுக்குத் தீ வைக்கப் பார்த்தார்கள். அதே ஊர் 1968-இல் தனக்கென்று நியாய வீட்டுவசதிச் சட்டம் போட்டது. 1972-இல் ஒரு வீட்டுவசதி மையம் தொடங்கி, எந்தத் தெருவும் ஒரே இனத்தெருவாக ஆகிவிடாமல் குடிவருபவர்களுக்கு வழிகாட்டியது. ஏஜென்ட்டுகள் பயமுறுத்தி விற்க வைக்கக் கூடாதென்று "விற்பனைக்கு" பலகைகளைக்கூட எடுக்க வைத்தார்கள். ஊராட்சி உட்கார்ந்து யோசித்துச் செய்த வேலை இது.

கடைசியாக, உங்கள் வீட்டுப் பத்திரம். பழைய வீடாக இருந்தால் கவுண்டி ரெக்கார்டர் அலுவலகத்தில் பழைய பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள். அந்த நிபந்தனை உங்கள் மனையிலும் இருக்கலாம். இன்று அது செல்லாது, ஆனாலும் பதிவில் கிடக்கும். அதை மறுத்து ஓர் ஆவணம் பதிவு செய்ய மினசோட்டாவில் 2019 முதல் சட்டம் இருக்கிறது, கலிஃபோர்னியா உள்ளிட்ட வேறு சில மாநிலங்களிலும் வழி உண்டு. எழுத்தர் மேசையில் படிவம் இருக்கும். வணக்கம்.