கற்றதா, பட்டதா? – 'பட்டதே' அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை மாலையை ஒதுக்கி பிரிக்பீல்ட்ஸ் வரை வந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

ஒரு மனநல ஆலோசகரை உருவாக்குவதில் பெரும்பங்கு அவர் கற்ற கல்விக்கா, அவர் பட்ட துன்பத்துக்கா? இதுதான் தலைப்பு. பட்ட துன்பத்துக்கே என்று பேச வந்திருக்கிறேன். 11 ஆண்டுகளாக இதே கோலாலம்பூரில் ஆலோசகராக இருக்கிறேன். இது மேடைக்காக எடுத்துக்கொண்ட கட்சி இல்லை.

எதிரணித் தலைவர் கேட்டார்: குடல்வால் அறுவை செய்யும் டாக்டருக்குக் குடல்வால் வலி வந்திருக்க வேண்டுமா? வேண்டாம் ஐயா. அவருக்குக் கத்தி இருக்கிறது. எங்கள் அறையில் கத்தி இல்லை, மாத்திரை இல்லை. இரண்டு நாற்காலி, 50 நிமிடம், அவ்வளவுதான். அங்கே கருவி என்று ஒன்று இருந்தால், அது எதிரே உட்கார்ந்து கேட்கிற ஆள்தான்.

1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தையும் எடுத்துக் காட்டினார். பதிவு பெறாதவர் இந்த நாட்டில் ஆலோசகர் என்று பலகை மாட்ட முடியாது. சரி, மாட்டவும் கூடாது. ஆனால் சட்டம் வாசலில்தான் நிற்கிறது. அந்த வாசல்வரை ஒருவரை நடத்திக்கொண்டு வந்தது எது?

என்னை நடத்தி வந்தது ஒரு சாவிக்கொத்து. செந்தூலில் வளர்ந்தவள் நான். அப்பா குடிப்பார். இரவு மோட்டார் சத்தம் கேட்டதும் நானும் தம்பியும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். அடுத்து சாவியை மேசையில் வைக்கும் சத்தம். மெதுவாக வைத்தால் தூங்கலாம். வீசினால் தம்பியை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவேன். ஒருவர் வாய் திறக்கும் முன்பே அவர் மனசு எப்படி இருக்கிறது என்று கேட்கக் கற்றுக்கொண்டது அங்கேதான். பல்கலைக்கழகத்தில் அதற்குப் பெயர் சொல்லிக் கொடுத்தார்கள், அவ்வளவே.

என் கதை சின்னது. அமெரிக்காவில் மார்ஷா லினஹன் என்று ஒருவர். தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டிருந்த பெண். 1961இல், 17 வயதில், ஹார்ட்ஃபோர்ட் நகர மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். 26 மாதம். தனியறையில் பூட்டினார்கள், மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். எதுவும் உதவவில்லை. பிற்பாடு அவரே உளவியல் படித்துப் பேராசிரியரானார். திரும்பத் திரும்பத் தற்கொலைக்கு முயல்கிறவர்களை, மற்றவர்கள் ஏற்கத் தயங்கியவர்களை, தேடி எடுத்துக்கொண்டார். 'மாறு, மாறு' என்று மட்டும் சொன்னால் அவர்கள் காதில் 'நீ சரியில்லை' என்றுதான் விழுகிறது. 'நீ இருக்கிறபடியே இரு' என்று மட்டும் சொன்னால் அவர்களுடைய நரகம் அப்படியே இருக்கிறது. ஆகவே ஏற்பையும் மாற்றத்தையும் ஒரே கையில் பிடிக்கும் ஒரு முறையை உண்டாக்கினார். டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி. 1991இல் வந்த அவருடைய ஆய்வு அதன் பலனைக் காட்டியது. ஆய்வு செய்யப் படிப்பு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் என்ன தேட வேண்டும் என்று அந்தப் பூட்டிய அறைதான் அவருக்குச் சொன்னது. 2011இல், தான் நோயாளியாக இருந்த அதே இடத்தில் நின்று, இதையெல்லாம் வெளிப்படையாகச் சொன்னார்.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் வியன்னா மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கலைக் கொண்டுவந்தார். நாஜி முகாமுக்குப் போகும் முன்பே அவர் தம் கொள்கையை எழுதிவிட்டாரே, துன்பம் எங்கே உருவாக்கியது என்றார். நல்ல கேள்வி. அந்தக் கையெழுத்துப் பிரதியைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டுதான் 1944இல் ஆஷ்விட்ஸ் முகாமுக்குப் போனார். கோட்டோடு அது பறிபோனது. அப்புறம் இன்னொரு முகாமில், டைபஸ் காய்ச்சலில் கிடந்தபோது, கிடைத்த துண்டுக் காகிதங்களில் திரும்ப எழுதினார். வாழ்வதற்கு ஓர் அர்த்தம் இருந்தால் மனிதன் எதையும் தாங்குவான் என்பதை வியன்னாவில் எழுதினவர் ஒரு டாக்டர். காய்ச்சலில் கிடந்து எழுதினவர் வேறு ஆள். உலகம் அந்த இரண்டாவது ஆளைத்தான் நம்பியது.

நம் ஊரிலும் அப்படித்தான். கொஞ்சம் மனசு சரியில்லை என்றால் 'தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவாங்க' என்று அங்கிருக்கும் மனநல மருத்துவமனையைச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். 2023 வரை தற்கொலைக்கு முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை என்று சட்டமே இருந்தது. அந்தப் பயத்தோடு வருகிறவர் சுவரில் இருக்கும் சான்றிதழைப் பார்ப்பதில்லை. என் முகத்தைத்தான் பார்க்கிறார்.

காயம் பட்டவர் வருகிறவரிடமும் தன் காயத்தையே பார்ப்பார், அது ஆபத்து என்றார்கள். ஆமாம், ஆபத்துதான். எனக்கே நடந்தது. பயிற்சிக் காலத்தில் என் மேற்பார்வையாளர் நான் நடத்திய ஓர் அமர்வின் பதிவைப் போட்டுக் காட்டினார். எதிரே இருந்த அம்மா மூன்று தடவை அழுதார். மூன்று தடவையும் அடுத்த நொடியே என் கை டிஷ்யூ பெட்டியை நீட்டுகிறது. "ஏம்மா, அவங்களை அழ விட மாட்டேங்கற?" என்றார். அவசரமாக நீட்டினால் 'போதும், நிறுத்து' என்று ஆகிவிடும் என்று நான் படித்திருந்தேன். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். கை கேட்கவில்லை.

நானே இன்னொரு ஆலோசகரிடம் போய் உட்கார்ந்தேன். சில வாரம் கழித்துதான் அது வெளியே வந்தது. சமையலறையில் அம்மா அழுவார். அப்பா எழுந்துவிடுவாரோ என்று துண்டை எடுத்து அம்மாவின் வாயருகே கொண்டு போவேன். அப்போது எனக்கு 9 வயது.

உன்னைத் திருத்தியது பயிற்சிதானே என்பார்கள். பயிற்சி கண்டுபிடித்தது. ஆனால் அது திருத்த வேண்டியிருந்தது ஒரு பாடத்தை இல்லை, அந்தத் துண்டை. பிறரைக் கேட்க வருகிறவர் முதலில் தன்னை ஒருவரிடம் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று மனநல மருத்துவர் யுங்கின் வட்டத்தினர் வலியுறுத்தியதை 1912இலேயே உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃபிராய்ட் ஏற்று எழுதியிருக்கிறார். சொந்த வலி இந்த வேலைக்குத் தேவையே இல்லை என்றால் எதற்கு அந்த ஏற்பாடு?

இப்போது என் அறையில் டிஷ்யூ பெட்டி நடுவில் உள்ள சின்ன மேசையில் இருக்கிறது. யார் அழுதாலும் என் கை மடியில் இருக்கும். சிலர் 20 நிமிடம்கூட அழுவார்கள். அழுது முடித்து, அவர்களே ஒன்றை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்புறம்தான் பேச ஆரம்பிப்பார்கள்.

மணி அடித்துவிட்டார்கள். நன்றி நடுவர் அவர்களே, வணக்கம்.