வன்கண் என்னும் சொல்

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

இரக்கமில்லாதவரைக் கல்நெஞ்சுக்காரர் என்கிறோம், ஈவிரக்கமற்றவர் என்கிறோம். வள்ளுவரோ ‘வன்கணார்’ என்கிறார். வன்கண் என்றால் இறுகிப்போன கண். அதற்கு மறுதலையான சொல் கண்ணோட்டம். பிறர் துயரின்மேல் கண் ஓடி, அங்கே நின்று, கசிவது. 58ஆம் அதிகாரத்துக்கே அதுதான் பெயர். அச்சொல்லை இன்று ‘என் கண்ணோட்டத்தில்’ என்று வெறும் கருத்தைக் குறிக்கவே பயன்படுத்துகிறோம் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

நான் சிறுவனாக இருந்தபோது, ஒருநாள் விடியற்காலை, ரப்பர்த் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், காய்ச்சலோடு நின்ற என் அம்மா அன்று பாதி மரங்களில் மட்டும் பால் வெட்டிக்கொள்வதாகக் கேட்டார். தோட்டத்துக் கணக்கரான கிராணியார், பேர் பதியும் செக்ரோலிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, “முடியலேன்னா வீட்டுக்குப் போ, பேர் கிடையாது” என்றார்; அன்றைய கூலி இல்லை என்று பொருள். “நிமிர்ந்து ஒரு தடவை பார்த்திருந்தா அவரால அப்படிச் சொல்லியிருக்க முடியாதுடா” என்று பாட்டி பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார். குறள் படிக்காத என் பாட்டிக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரிந்திருந்தது.

கொடுத்து மகிழும் இன்பத்தை அறியாமல், சேர்த்த பொருளை வைத்திருந்தே இழப்பவரை 228ஆம் குறள் ‘வன்கணவர்’ என்கிறது. ஈவையும் இரக்கத்தையும் ஒரே மூச்சில் சேர்த்து ‘ஈவிரக்கம்’ என்று நாம் பேசுவதும் இந்த உறவை அறிந்துதான் என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் 632ஆம் குறள் அமைச்சருக்கு வேண்டிய சிறப்புகளில் முதலாவதாக எண்ணுவதும் இதே வன்கண்ணைத்தான். அங்கே அது செயலில் தளராத உறுதி. ஆகவே கண்டிப்பானவரையெல்லாம் இரக்கமற்றவர் என்று பழிப்பது சொல்லுக்கும் ஆளுக்கும் செய்யும் அநீதி. வேலையை மேற்பார்த்த எங்கள் மண்டோர், வெட்டு ஆழமாகிப் பால்மரத்தில் காயம் பட்டால் யாரையும் விடமாட்டார், அம்மாவையும் ஏசியிருக்கிறார். அன்று காய்ச்சலோடு முழு நிரையையும் வெட்டி முடித்த அம்மாவின் இரண்டு வாளிகளையும் பால் ஸ்டோர்வரை தூக்கிச் சென்றவரும் அவரே.