பரசூட் விரிந்ததும் ஆள் மேலே போவாரா? சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்தக் கிழமை வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "சுதந்திர தின ஒத்திகையில் காலிமுகத்திடலில் பரசூட்டில் வந்த வீரர் படியிறங்குவது போல நடந்து இறங்கினார். யுத்தப் படங்களில் விழுந்து உருளுகிறார்களே, அது மிகைப்படுத்தலா? பரசூட் விரிந்ததும் ஆள் விர்ரென்று மேலே போவது உண்மையா? இறங்கிக்கொண்டிருப்பவரைச் சுடலாமா?"

முதலில் அந்த மேலே போகிற விசயம். இல்லை தம்பி, அவர் மேலே போவதில்லை. காலி வீதியில் இரண்டு பஸ் பக்கத்துப் பக்கமாக ஓடுகின்றன என்று வையுங்கள். நீங்கள் ஒன்றின் யன்னலோரம் இருக்கிறீர்கள். பக்கத்து பஸ் சடாரென்று பிரேக் பிடித்தால் அது பின்னால் போவது போலத் தெரியும். உண்மையில் அது முன்னோக்கித்தான் போய்க்கொண்டிருக்கிறது, வேகம் மட்டும் குறைந்திருக்கிறது. வானத்திலும் அதுதான் நடக்கிறது. வயிறு கீழே இருக்க விழுகிற ஒருவர் மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீற்றர் வேகத்தில் விழுகிறார். கமரா பிடிப்பவரும் கூடவே அதே வேகத்தில் விழுகிறார். முதலாமவருடைய பரசூட் விரிந்து வேகம் அடங்குகிறபோது, கமராக்காரர் இன்னும் 200இல் கீழே போய்க்கொண்டிருக்கிறார். அதனால்தான் படத்தில் மற்றவர் மேலே பறக்கிறார். விழுந்துகொண்டே கதாநாயகனும் நாயகியும் பேசிக்கொள்வதையும் நம்பவேண்டாம். அந்தக் காற்றின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது.

சரி, உருளுவது. அது மிகைப்படுத்தல் இல்லை. நீங்கள் பார்த்தது ஒரு வகைப் பரசூட், படத்தில் வருவது வேறொரு வகை.

யுத்தத்தில் குதிப்பவருக்கு வானத்தில் இருக்கிற ஒவ்வொரு விநாடியும் ஆபத்து. அதனால் தாழ்வாகக் குதிக்க வைப்பார்கள். இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூன் 6இல் பிரான்ஸின் நோர்மண்டியில் அமெரிக்க வீரர்கள் குதிக்கவேண்டிய உயரம் என்று திட்டமிட்டிருந்தது ஏறக்குறைய 200 மீற்றர்தான். அந்த உயரத்தில் கையால் கயிறு இழுத்துத் திறந்துகொண்டிருக்க நேரம் இல்லை. விமானத்துக்குள் நீளத்துக்கு ஒரு கம்பி கட்டியிருக்கும். ஒவ்வொருவரும் தன் முதுகுப் பையிலிருந்து வரும் பட்டியை அதில் கொழுவிவிட்டு வாசலால் வெளியே விழுவார். பட்டி இறுகி, குடையை அதுவே உருவி விரித்துவிடும். அரை நிமிடம் கொஞ்சம் கூட, அதற்குள் நிலம் வந்துவிடும்.

அந்த வட்டக் குடை அவரை விநாடிக்கு 5, 6 மீற்றர் வேகத்தில் நிலத்தில் சேர்க்கும். ஆளுயர மதிலிலிருந்து குதிப்பதற்குச் சமம், ஆனால் ஆயுதமும் சாப்பாடும் தோட்டாவும் கட்டிய உடம்போடு. நிமிர்ந்து நிற்கப் பார்த்தால் கணுக்கால் போய்விடும். ஆகவே கால்கள் இரண்டையும் ஒட்டிவைத்து, முழங்காலைக் கொஞ்சம் மடித்து, பாதம், கெண்டைக்கால், தொடை, இடுப்பு, முதுகின் பக்கம் என்று வரிசையாக நிலத்தில் படவிட்டு உருளப் பழக்குவார்கள். அடி ஒரே எலும்பில் இறங்காமல் உடம்பு முழுக்கப் பரவிவிடும். 1919 ஏப்ரலில் அமெரிக்காவில் லெஸ்லி இர்வின் கையால் இழுத்துத் திறக்கும் பரசூட்டோடு குதித்துக் காட்டினார். பரசூட் சரியாக விரிந்தது. நிலத்தில் இறங்கியபோது அவருடைய கணுக்கால்தான் முறிந்தது.

காலிமுகத்திடலில் நீங்கள் பார்த்தது நீள்சதுரம். அதை ஒரு பட்டத்தின் பிள்ளை என்றே சொல்லலாம். பட்டம் கட்டுவதில் வல்லவரான டொமினா ஜால்பெர்ட் 1960களில் உருவாக்கியது. இரண்டு துணிகளுக்கு இடையே அறை அறையாகத் தைத்து முன்பக்கத்தைத் திறந்து விட்டார். காற்று உள்ளே புகுந்து துணியை விமானச் சிறகு மாதிரி விறைக்க வைக்கும். வட்டக் குடை காற்றை மறித்து விழுகிறது, இது காற்றில் சறுக்கி முன்னோக்கிப் பறக்கிறது. ஆகவே திருப்பலாம், வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். விளையாட்டாகக் குதிப்பவர்கள் ஏறக்குறைய எல்லோரிடமும் இன்றைக்கு இதுதான்.

ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன், பிள்ளைகளோடு செய்து பாருங்கள். சொப்பிங் பையை வட்டமாக வெட்டி, ஓரத்தில் எட்டு நூல் கட்டி, நுனியில் ஒரு கல்லைக் கட்டி மாடியிலிருந்து விடுங்கள். ஊஞ்சல் போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடி ஆடி வரும். உள்ளே அடைபட்ட காற்று ஒரு பக்க விளிம்பால் தப்புகிறபோது குடை மற்றப் பக்கம் சாய்கிறது. இப்போது உச்சியில் ஐந்து சதக் குற்றியளவு ஒரு துளை போட்டு மறுபடி விடுங்கள். ஆட்டம் நன்றாகக் குறைந்து நேரே வரும். 1797 அக்டோபரில் பாரிஸில் கார்னரான் பலூனிலிருந்து பட்டுக் குடையில் இறங்கியபோது அந்தத் துளை இல்லை. பார்த்தவர்கள் பயந்துபோகும் அளவுக்கு ஆடிக்கொண்டே இறங்கினார்.

யுத்தத்துக்குத் திரும்பி வருகிறேன். 1941 மே 20இல் ஜெர்மன் பரசூட் வீரர்கள் கிரீட் தீவில் குதித்தார்கள். அவர்களுடைய பரசூட் முதுகில் ஒரே இடத்தில் தொங்கியது, கயிற்றைப் பிடித்துத் திருப்ப வழி இல்லை. துப்பாக்கிகள் பெரும்பாலும் தனிப் பெட்டிகளில் தனியாக இறங்கின. இறங்கியவர் கைத்துப்பாக்கியோடு அந்தப் பெட்டியைத் தேடி ஓடவேண்டும். பெட்டியை எட்டும் முன்னே பலர் செத்தார்கள். தீவு பிடிபட்டது, ஆனால் இழப்பைப் பார்த்த ஹிட்லர் அந்த அளவில் இன்னொரு பரசூட் தாக்குதலுக்குப் பிறகு சம்மதிக்கவில்லை.

ஆனால் பரசூட்டைப் பற்றிய பயம் பரசூட்டைவிடத் தூரம் போயிருந்தது. 1940இல் பிரித்தானியாவில், ஜெர்மன்காரர் கன்னியாஸ்திரி வேடத்தில் வானத்திலிருந்து இறங்குகிறார்கள் என்று ஊரெல்லாம் கதை. 1944இல் நேச நாடுகள் அதே பயத்தை ஜெர்மன்காரருக்கே திருப்பிக் கொடுத்தன. நோர்மண்டி இரவில் துணிப் பொம்மைகளைப் பரசூட்டில் இறக்கி, வேறு இடத்தில் படை இறங்குகிறது என்று நம்பவைக்கப் பார்த்தார்கள்.

சுடலாமா என்ற கேள்விக்குச் சட்டத்தில் தெளிவான பதில் இருக்கிறது. ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977ஆம் ஆண்டு முதலாவது மேலதிக நெறிமுறை, 42ஆம் உறுப்புரை. அடிபட்ட விமானத்திலிருந்து உயிர் தப்பக் குதித்தவரை இறங்கும்போது தாக்கக் கூடாது. எதிரியின் நிலத்தில் இறங்கிய பிறகும், அவர் சண்டைக்கு வராவிட்டால், சரணடைய இடம் கொடுக்கவேண்டும். தாக்குவதற்கென்றே குதிக்கிற படையினருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. முன்னவர் சண்டையை விட்டுப் போகிறார், பின்னவர் சண்டைக்குள் வருகிறார். படங்களில் இந்த இரண்டு பேரையும் ஒன்றாகக் காட்டுவது எனக்கு மனவருத்தம் தரும் விசயம். எரிகிற விமானத்திலிருந்து தப்பியவரைச் சுடுவதைக் கதாநாயகனின் வீரமாகக் காட்டிவிடுகிறார்கள்.

எங்கள் ஆட்களுக்குப் பரசூட் படத்தில் மட்டும் பார்த்த பொருளும் இல்லை. 1987 ஜூன் 4ஆம் திகதி நான் யாழ்ப்பாணத்தில் சின்னப் பிள்ளை. இந்திய விமானப்படையின் ஏஎன்-32 விமானங்கள் ஐந்து வந்தபோது, விமானச் சத்தம் என்றால் குண்டு என்று பழகியிருந்த அம்மா என்னை இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்குள் போய்விட்டார். எட்டிப் பார்த்த அயல்வீட்டு ஐயாதான் "பிள்ளை, மூட்டை இறங்குது" என்று கத்தினார். பனைகளுக்கு மேலாக நிவாரண மூட்டைகளோடு குடைகள் வந்துகொண்டிருந்தன. அந்த வருசம் அக்டோபரில் யாழ் பல்கலைக்கழகத்தில் இறங்கிய இந்தியப் பரா கொமாண்டோக்களும் பரசூட்டில் குதித்தவர்கள் என்று சிலர் இன்றைக்கும் நினைக்கிறார்கள். அவர்கள் ஹெலிகொப்டரில் வந்து இறங்கியவர்கள்.

அப்புறம் வந்த வருசங்களில் எங்களுக்குத் தெரிந்த பரசூட், பரா வெளிச்சம், அதாவது இருட்டில் நிலத்தைப் பார்க்கப் படையினர் வானத்தில் விடும் விளக்கு. இரவில் குட்டிக் குடையில் தொங்கி எரிந்துகொண்டு வரும். அது ஆட ஆட, முற்றத்தில் பனைமர நிழல்கள் எல்லாம் சேர்ந்து நகரும். காலையில் வேலியில் துணி சிக்கியிருக்கும், புகை மணத்தோடு.

தம்பி, அடுத்த ஒத்திகைக்குப் போனால் இறங்குபவருடைய கைகளைக் கவனியுங்கள். காற்றுக்கு முகம் கொடுத்து வருவார், கைகள் தலைக்கு மேலே இருக்கும். நிலம் நாலைந்து மீற்றரில் வந்ததும் இரண்டு பிடிகளையும் ஒன்றாக இடுப்புவரை இழுப்பார். சிறகின் பின்விளிம்பு கீழே வளையும், குடை ஒரு கணம் நின்றுவிடும். நீங்கள் பார்த்த அந்தப் படியிறங்குகிற நடை அந்த ஒரு கணத்தில்தான் நடக்கிறது.