பாங்காக் நிலநடுக்கம் இல்லை, மக்களே!

வணக்கம் மக்களே. இன்று சமையலும் இல்லை, சந்தைச் சுற்றலும் இல்லை. போன ஷார்ட்ஸில் என் வீட்டுச் சுவரின் விரிசலைப் பார்த்துவிட்டு, "அக்கா, பாங்காக் நிலநடுக்கத்தில் தப்பித்தீர்களா?" என்று ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். தப்பித்தேன், நன்றி. ஆனால் அது பாங்காக் நிலநடுக்கம் இல்லை, மியான்மர் நிலநடுக்கம். தம்ப்நெயிலில் அப்படிப் போட்டுத் திரிகிற சேனல்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை. மதியம் ஒன்றரை மணி இருக்கும். இரண்டாவது டோஸ் காபிக்கு டிகாக்‌ஷன் இறக்கிக்கொண்டிருந்தேன். டபராவில் இருந்தது தானாக வட்டம் போட்டது. காலையில் சாப்பிடவில்லை, தலை சுற்றுகிறது என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் விளக்கு ஊஞ்சலாடுகிறது. ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்து மொட்டைமாடி நீச்சல்குளத்துத் தண்ணீர் அருவி மாதிரிக் கொட்டுகிறது. அடுப்பை அணைத்தேன், ஓடினேன்.

23 மாடி. படியில். வாட் அருண் கோயில் வீடியோவில் பாதிப் படியிலேயே உட்கார்ந்தவள் நான்! கீழே வந்த பிறகுதான் பார்த்தேன், ஒரு காலில் பாத்ரூம் செருப்பு, இன்னொரு காலில் ஒன்றுமில்லை. தார்ச்சாலை கொதிக்கிறது. தெருமுனையில் செருப்பு விற்கிற அம்மாவிடம் போனேன். ஊரே நடுங்கிக்கொண்டிருக்கிறது, 200 பாத் (தாய்லாந்துப் பணம்) கேட்டாலும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அந்த அம்மா வழக்கமான 60 பாத்தான் வாங்கினார். இதோ, இந்தப் பச்சைச் செருப்புதான். இனி செருப்பு என்றால் அங்கேதான் வாங்குவேன்.

இவர் கதை வேறு. ரயில் எல்லாம் நிறுத்திவிட்டார்கள். நகரின் சீலோம் பகுதியில் இருந்து எங்கள் ஆன்னுட்டுக்கு ஒரு பைக் டாக்சிக்காரர் 600 பாத் கேட்டாராம். வழக்கமாக நூறு, நூற்றிருபதுதான். இவரா கொடுப்பார்? நடந்தே வந்தார். இரவு எட்டு மணிக்கு வந்து சேர்ந்தவர் முதலில் சொன்னது, "600 பாத் மிச்சம்." எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். செருப்புக்கார அம்மாவுக்கு ஆட்டமே சரியாகத் தெரியவில்லையாம், நாங்கள் ஓடிவந்ததைப் பார்த்துத்தான் எழுந்தாராம். அப்புறம் படித்துப் பார்த்தேன். நிலநடுக்கம் மியான்மரின் மண்டலே நகரத்துப் பக்கம், 7.7 அளவு. இங்கிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் வருவதற்குள் படபடவென்ற வேக அதிர்வு அடங்கிவிடும், மெதுவான நீண்ட அலைதான் வந்து சேரும். பாங்காக் உட்கார்ந்திருப்பதோ சேறு போன்ற களிமண்ணில். அது அந்த அலையைப் பெரிதாக்கிவிடும். உயரமான கட்டடம்தான் அதற்கு ஏற்றபடி ஆடும். அதனால்தான் எனக்குத் தலை சுற்றியது, தரையில் இருந்தவருக்கு ஒன்றுமில்லை.

பாங்காக்கின் சதுசக் பகுதியில் கட்டிக்கொண்டிருந்த 30 மாடிக் கட்டடம் விழுந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அவ்வளவு தூரத்தில் அது ஏன் விழ வேண்டும்? அத்தனை உயரக் கட்டடங்கள் நிற்கும்போது அது மட்டும் ஏன் விழுந்தது என்று இங்கே எல்லோரும் கேட்கிறார்கள். நானும் கேட்கிறேன். உள்ளே சிக்கியவர்களில் மியான்மரில் இருந்து பிழைக்க வந்தவர்களும் உண்டு.

எங்கள் மாடியைத் துடைக்க வருகிற அக்காவும் அந்த ஊர்க்காரர்தான். பொங்கல் வீடியோவில் சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு முகம் சுளித்தாரே, அவரேதான். சொந்த ஊர் சகாயிங் பக்கம். நிலம் பிளந்து நழுவிய கோட்டுக்கே சகாயிங் பிளவு என்றுதான் பெயர். நாட்டின் நடுவே வடக்கு தெற்காக ஓடுகிறது. பெரிய ஆட்டத்துக்குப் பன்னிரண்டு நிமிடத்தில் இன்னொன்று, அதுவும் 6க்கு மேல். ஐராவதி ஆற்றின் மேல் 1934இல் கட்டிய பழைய பாலம் ஆற்றில் விழுந்துவிட்டது. ரமலான் வெள்ளி, தொழுகை நேரம், மசூதிகளில் இருந்தவர்கள் மேலேயே இடிந்து விழுந்திருக்கிறது. சீனாவில் ருய்லி வரை வீடுகள் சேதம். மியான்மரில் மட்டும் செத்தவர்கள் 3,000 பேரைத் தாண்டிவிட்டார்கள். நானோ இங்கே செருப்புக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அக்காவுக்கு நான்கு நாள் போன் கிடைக்கவில்லை. ஐந்தாம் நாள் தங்கை பேசினாளாம். வீடு போய்விட்டது, எல்லோரும் தெருவில் பாய் விரித்துப் படுக்கிறார்களாம், நாற்பது டிகிரி வெயிலில். அதைச் சொல்லிக்கொண்டே என் சுவர் விரிசலை விரலால் தடவிப் பார்த்தார். "சின்னதுதான்" என்றார். உதிர்ந்திருந்த சுண்ணாம்புத் தூளை ஈரத்துணியால் துடைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

லிஃப்ட் ஓடுகிறது. எனக்குத்தான் இன்னும் ஏற மனமில்லை. பால் வாங்கப் போக வேண்டும், படியில் இறங்கப் போகிறேன். வருகிறேன் மக்களே.